குகையில் நான் மொழிபெயர்க்காத பேச்சு

நீங்கள் எல்லோரும் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு இந்த வழிகாட்டி வேலைக்கு வந்திருக்கிறீர்கள். கல்வெட்டு எழுத்து, பாறையின் வயது, எந்தப் பறவை எந்த மாதம் வரும் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். அதில் நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. ஒரு நாள் நடந்ததை மட்டும் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே யோசியுங்கள்.

குகை, வயல்வெளி, வெந்நீரூற்று என்ற அரைநாள் பயணத்தை நான் பல வருடம் நடத்தினேன். நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களில் கடலையே பார்த்து அலுத்துப்போனவர்கள் வருவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு புறப்படுவோம். முதலில் காட்டோரக் குகைகளில் ஏதாவது ஒன்று, பிறகு குளக்கட்டும் வயலும், கடைசியாகக் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். ஆபத்தில்லாத சின்னப் பயணம் என்று புதியவர்களுக்கு முதலில் கொடுப்பது இதைத்தான். உங்களுக்கும் இதைத்தான் கொடுப்பார்கள்.

இதில் வரும் சோதனைகள் பெரும்பாலும் சிரிப்புக்குரியவை. வெந்நீரூற்று என்றதும் அவித்துச் சாப்பிட முட்டை கொண்டுவந்த ஒரு குடும்பம் எனக்கு நினைவிருக்கிறது. உடம்பில் ஊற்றிக் குளிக்கிற தண்ணீரில் முட்டை அவியாது என்று சொல்லி அந்தப் பிள்ளைகளின் முகத்தை வாட வைப்பதா? "கொஞ்ச நேரம் வைச்சுப் பாருங்கோ" என்றேன். வைத்துப் பார்த்தார்கள். பச்சை முட்டைகளோடு சந்தோஷமாகத் திரும்பிப் போனார்கள். வந்தவர்களின் மனம் கோணாமல் இருக்க இப்படிச் சின்னச் சின்னப் பொய்கள் எங்களுக்குப் பழகிவிடும். அது பெரிய பாவம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு நாள் அப்படியொரு பொய் என் வாய்வரை வந்துவிட்டது.

அன்று எங்கள் வான் வண்டியில் நான்கு பேர்தான். குருநாகலில் இருந்து வந்த புதுமணச் சிங்களச் சோடி ஒன்று. அவர்களோடு நான் சிங்களத்தில் பேசினேன். மற்ற இரண்டு பேரும் நோர்வேயில் இருந்து வந்த தாயும் மகனும். தாயின் பெயர் சாந்தி, ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தார். மகன் அருணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். அவனுக்கு நோர்வே மொழியும் ஆங்கிலமும்தான். தமிழில் சில சொற்கள் மட்டும் தெரியும். பயணத்தை ஹோட்டலில் பதிவு செய்தது அவன்தான். அம்மா அறையை விட்டு வெளியே வருகிறார் இல்லை, எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னான்.

வானை ஓட்டியவர் கிண்ணியாவைச் சேர்ந்த ரவூப் நாநா, எனக்கு அண்ணன் மாதிரி. அந்தப் பாதைகளில் நான் பயமில்லாமல் வேலை செய்ததற்கு அவர்தான் காரணம். எங்கே யானை நிற்கும், எந்தச் சின்னப் பாலம் மழைக்கு மூழ்கும் என்று அவருக்குத் தெரியும். தேவையில்லாமல் பேசமாட்டார்.

பெரிய வீதியை விட்டு இறங்கி, வயல்களைத் தாண்டி, குளத்தருகே வான் திரும்பியபோது சாந்தி முதல்முறையாக வாய் திறந்தார்.

"அக்கா, இந்தக் குளத்துக்கு என்ன பேர்?"

சொன்னேன். அவர் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வான் குலுங்கியதால் பிடிக்கிறார் என்று நினைத்தேன்.

அந்தக் குகையின் பெயரையும் குளத்தின் பெயரையும் நான் இங்கே சொல்லவில்லை. நீங்களும் அங்கே ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறீர்கள். எந்தக் குகை என்று தெரிந்துகொண்டு போனால் உங்கள் பேச்சு இயல்பாக வராது.

பாறையில் ஏறி உள்ளே போனதும் வழக்கமான விளக்கத்தைத் தொடங்கினேன். மழைத் தண்ணீர் உள்ளே வடியாமல் பாறையின் நெற்றியில் வெட்டிய விளிம்பைக் காட்டினேன். அதன்கீழ் உள்ள பழைய எழுத்துகளைக் காட்டினேன். துறவிகள் இங்கே தங்கியதைச் சொன்னேன். சிங்களத்தில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை, சாந்திக்காகத் தமிழில் ஒருமுறை. கடைசியில் எல்லோரும் சிரிக்கிற ஒரு வரி வைத்திருந்தேன். "அவர்கள் போன பிறகு இதற்குள் குடியிருந்தது வௌவால்கள் மட்டுந்தான்." புதுமணச் சோடி சிரித்தது. அருண் சிரித்தான்.

சாந்தி குகையின் உட்பக்கம், கூரை தாழ்கிற இடத்தில் நின்றார். அங்கிருந்து மெதுவாகச் சொன்னார்.

"நாங்கள் இருந்தனாங்கள், அக்கா."

எனக்கு விளங்கவில்லை. கிட்டப் போனேன்.

"இதுக்குள்ள நாங்கள் இருந்தனாங்கள். அம்மா, அப்பா, தம்பி, நான், இன்னும் ரெண்டு குடும்பம். குளத்துக்கு அங்காலதான் எங்கட ஊர். சண்டை, பிரச்சினை துவங்கினவுடன ஆக்கள் எல்லாம் காட்டுக்குள்ள ஓடினது. எனக்கு எட்டு வயசு." கையைத் தூக்கிக் கூரையைத் தொட்டார். "இது இவ்வளவு தாழ்வு எண்டு எனக்கு நினைவில்லை. அப்ப பெரிசா இருந்தது."

இந்த வேலையில் நான் எத்தனையோ பேரின் கதையைக் கேட்டிருக்கிறேன். ஆனால் நான் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிற இடத்திலேயே ஒருவர் ஒளிந்து வாழ்ந்தவர் என்றால் என்ன சொல்வது? அவர் தொடர்ந்தார்.

"கொண்டுவந்த தண்ணி முடிஞ்சுபோச்சு. பெரியாக்கள் பொறுத்துக்கொண்டு இருந்தவை. நான்தான் பொறுக்கேலாமல் தண்ணி, தண்ணி எண்டு அழுதனான். அப்பா குடத்தைத் தூக்கிக்கொண்டு குளத்துக்கு இறங்கினவர். வரேல்லை அக்கா. வரவேயில்லை."

அருண் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாயின் தோள் நடுங்குவதைக் கண்டுவிட்டு ஓடிவந்து ஏதோ நோர்வே மொழியில் கேட்டான். அவர் தலையை ஆட்டினார். ஒன்றுமில்லை என்கிறார் என்பது எனக்கே விளங்கியது. பிறகு என்னிடம் தமிழில் சொன்னார்:

"சொல்லாதேங்கோ அக்கா. அவனுக்கு ஒண்டும் தெரியாது. அப்பா நோய் வருத்தத்தில செத்தவர் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன்."

அவன் என் பக்கம் திரும்பினான். "அம்மா என்ன சொல்கிறார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

உங்களிடம் இதைத்தான் சொல்ல வந்தேன். இதற்கு ஒரு விநாடியில் பதில் சொல்லவேண்டும். எந்த வகுப்பிலும் இதற்கு விடை சொல்லித்தரமாட்டார்கள். உள்ளே காற்றில்லை, அம்மாவுக்குத் தலை சுற்றுகிறதாம் என்று சொல்ல என் வாய் தயாராக இருந்தது. நல்ல பொய். எல்லோரும் வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போயிருக்கலாம். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தத் தாய் இத்தனை வருடம் பொத்தி வைத்ததை, அவரைக் கண்டு இரண்டு மணித்தியாலம்கூட ஆகாத நான் போட்டு உடைத்ததாகியிருக்கும்.

நான் சொன்னது இதுதான்: "உங்கள் அம்மா அதை எனக்குத்தான் சொன்னார். அவர் அனுமதி இல்லாமல் என்னால் உங்களுக்குச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றுமில்லை என்று பொய் சொல்லவும் மாட்டேன். அவரிடமே கேளுங்கள்."

அவனுடைய முகம் சிவந்துவிட்டது. "நீங்கள் வழிகாட்டிதானே? மொழி தெரியாதவர்களுக்கு மொழிபெயர்ப்பதுதானே உங்கள் வேலை?" என்றான். தாயிடம் மறுபடி கேட்டான். அவர் பாறையைப் பார்த்து நின்றார். அவன் ஏதோ கத்தினான். பிறகு எங்கள் இரண்டு பேரையும் விலக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

கோபம் ஆறட்டும், வானுக்குத்தான் போயிருப்பான் என்று விட்டுவிட்டேன். சாந்தியைக் கொஞ்ச நேரம் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். போத்தலைக் கையில் வாங்கினார். குடிக்கவில்லை. நாங்கள் பாறையால் இறங்கி வந்தபோது ரவூப் நாநா வானுக்கு வெளியே நின்று குளத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, அந்தப் புள்ள குளத்துக் கட்டால போறான். கூப்பிட்டன், திரும்பிப் பாக்கல்ல." குரலைத் தாழ்த்தினார். "அங்கால பத்தைக்குள்ள ஆன ஒண்டு நிக்கிது. தனி ஆன."

பார்த்தேன். குளக்கட்டின் மேலே அருண் தலையைக் குனிந்தபடி வேகமாக நடந்து போகிறான். கட்டு வளைகிற இடத்தில் பற்றைப் புதருக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு. கிளை முறிகிற சத்தம் எங்களுக்கே கேட்டது. அவனுக்கு எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. தன் கோபத்தோடு நேரே அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

சாந்தி யானையைப் பார்க்கவே இல்லை. மகன் போகிற திசையை மட்டும் பார்த்தார். "உந்தப் பக்கந்தான்," என்றார். "உந்தப் பக்கந்தான் அப்பாவும் போனவர்." சொல்லிவிட்டு ஓடப் பார்த்தார். நான் கையைப் பிடித்தேன்.

ரவூப் நாநா வானுக்குள் எட்டி ஹோர்ன் அடிக்கப் போனார். "வேண்டாம் நாநா, ஆனை மிரண்டால் அவன்ர பக்கந்தான் ஓடும்" என்றேன். அவரும் அதை யோசித்திருக்கவேண்டும். கையை எடுத்துவிட்டார். மனிதக் குரல் என்றால் பரவாயில்லை, தூரத்தில் ஆள் இருக்கிறது என்று யானையும் விலகும். ஆனால் யாருடைய குரல்? நாநா கூப்பிட்டு அவன் திரும்பவில்லை. என் குரலைக் கேட்டால் இன்னும் வேகமாக நடப்பான்.

"சாந்தி, நீ கூப்பிடு," என்றேன். மரியாதையெல்லாம் மறந்துபோய் நீ என்றே சொல்லிவிட்டேன். "உன்ர குரலுக்குத்தான் அவன் நிப்பான். ஓடாதை. இதில நிண்டு கூப்பிடு."

அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கை தானாக மேலே போய் வாயைப் பொத்தியது.

"ஏலாது அக்கா. அப்பா போகேக்க கூப்பிடப் போனனான். அம்மா வாயைப் பொத்திப் போட்டா. சத்தம் போடக்கூடாது எண்டு..."

"அது அப்ப. இப்ப ஆரும் உன்னைத் தடுக்க மாட்டினம். கூப்பிடு, பிள்ளை."

நான் அவருடைய கையை வாயிலிருந்து எடுத்துவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. குருநாகல் பெண் என்ன நடக்கிறது என்று தெரியாமலே வந்து மற்றக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அருண்!"

நான் கேட்டதிலேயே பெரிய குரல் அது. தண்ணீர்மேல் போய் அக்கரையில் பட்டுத் திரும்பி வந்தது. கரையில் நின்ற கொக்குகள் எழும்பின. அவன் நின்றான். திரும்பினான். அவர் மறுபடியும் கூப்பிட்டார், இந்த முறை கூடவே "வா! இஞ்ச வா!" என்று.

பற்றைக்குள் யானை தலையைத் தூக்கிக் காதை விரித்தது. அப்போதுதான் அருண் அதைக் கண்டான். அப்படியே விறைத்துப்போய் நின்றான். நான் இரண்டு கையையும் உயர்த்தி, மெதுவாக, மெதுவாக என்று காட்டினேன். ஓடாமல் வந்த வழியே ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்து வந்தான். யானை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு காட்டுக்குள் திரும்பிவிட்டது. ரவூப் நாநா பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அவன் கிட்ட வந்ததும் தாய் அவனுக்கு ஒரு அறை விட்டார். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்தக் குளக்கட்டின் அடியில் மருதமர நிழலில் இரண்டு பேரும் இருந்தார்கள். அவர் சொல்லத் தொடங்கினார், நோர்வே மொழியில். அந்த மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. இடையில் ஒரு சொல் மட்டும் தமிழில் வந்தது. தண்ணி. நான் விலகி வான் நின்ற இடத்துக்குப் போய்விட்டேன்.

அந்தச் சோடி என்னைச் சூழ்ந்துகொண்டது. "அவர்கள் குடும்ப விஷயம் பேசுகிறார்கள், கொஞ்சம் பொறுப்பீர்களா?" என்று சிங்களத்தில் கேட்டேன். அதற்குமேல் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. புதுமாப்பிள்ளை போனை எடுத்து வயலைப் படம் பிடித்துக்கொண்டு நின்றான். எங்களுக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. வயலுக்குள் நடப்பதை விட்டுவிட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். நான் குகைக்குள் சொன்ன பதில் சரியா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. சரியாக முடிந்ததால் சரி என்று நினைக்கத் தோன்றுகிறது. அந்த யானை இரண்டடி முன்னுக்கு வந்திருந்தால்? தலை சுற்றுகிறது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அவன் அந்தக் கட்டுக்குப் போயிருக்கவே மாட்டான். அந்தத் தாயும் தன் வாயால் எதையும் சொல்லியிருக்க மாட்டார், அதுவும் உண்மை. இரண்டையும் நான் பலமுறை நிறுத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றுமட்டும் தெரியும். என் பதிலைச் சொன்னதோடு என் வேலை முடிந்ததென்று நினைத்து அவனைத் தனியே போகவிட்டது பிழை. கோபித்துக்கொண்டு போகிறவன் பின்னால் யாராவது போகவேண்டும். உண்மையைச் சொல்வது ஒரு வேலை என்றால், அது விழுகிற இடத்தில் நிற்பது இன்னொரு வேலை. பதில் சொல்லக் கற்றுக்கொள்ளும்போது இதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

கன்னியாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வழமையாக அங்கே இறங்கியதும், இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் கழிக்க இந்தக் கிணறுகளைத் தோண்டிய கதையைச் சொல்வேன். அன்று சொல்லவில்லை. கிணறுகள் ஏழையும் கையால் காட்டிவிட்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு, தொட்டுப் பாருங்கள் என்றதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒரு கிணற்றடியில் தலை மழித்த ஒருவர் இறந்தவருக்குச் செய்கிற அந்தியேட்டி முடித்துவிட்டுச் சொந்தக்காரரோடு குளித்துக்கொண்டிருந்தார். சாந்தி அவரைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

"எங்கட அப்பாவுக்கு இதொண்டும் செய்யேல்லை," என்றார். "உடம்பு கிடைக்கேல்லை எண்டபடியால் அம்மா செய்ய விடேல்லை. ஆள் வருவார், வருவார் எண்டு சாகுமட்டும் பொட்டு வைச்சுக்கொண்டு இருந்தவ. அம்மாவுக்கு எல்லாம் ஒழுங்காச் செய்தது. அப்பாவுக்குத்தான்..."

செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? அவரே கேட்டார்.

"அக்கா, ஐயர் இல்லாமல் சும்மா தண்ணி ஊத்தினால் போதுமோ?"

"எனக்குத் தெரியாது, பிள்ளை," என்றேன். "ஆனால் ஊத்துறதுக்கு ஐயர் தேவையில்லை."

சாந்தி கைப்பையை என்னிடம் தந்துவிட்டு உடுத்த உடுப்போடு கிணற்றடியில் போய்க் குந்தினார். அருண் வாளியை எடுத்தான். வாளி விடத் தெரியவில்லை, பாதித் தண்ணீர் காலில் சிந்தியது. குருநாகல் பெண் வானுக்கு ஓடிப்போய்த் தன்னுடைய பெரிய துவாய்த் துண்டையும் மாற்றுச் சட்டை ஒன்றையும் கொண்டுவந்து, கேட்காமலே, கிணற்றுக் கட்டின்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

அருண் வாளியோடு என்னைப் பார்த்தான். ஊற்றும்போது ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்டான்.

"பெயரைச் சொல்லலாம்," என்றேன்.

அவன் குனிந்து, தனக்குத் தெரிந்த தமிழில், தாயிடம் கேட்டான்.

"அம்மா... அம்மப்பா பேர் என்ன?"

இருபத்திரண்டு வருடமாக அவனுக்குத் தெரியாது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "கந்தையா."

"கண்டையா," என்றான். தண்ணீரை ஊற்றினான்.

சாந்தியின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து அவரை நோக்கி ஓர் அடி வைத்தேன். சிரிப்பு. அன்று முழுவதும் நான் காணாத சிரிப்பு. கண்ணீரும் வெந்நீரும் வழிய வழியச் சிரித்தார்.

"கண்டையா இல்லையடா. கந்தையா. க-ந்-தை-யா."

"கண்... கந்டையா."

"ஐயோ, என்ர ராசா. திரும்பச் சொல்லு."

பக்கத்துக் கிணற்றடியில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். தலை மழித்தவரும் சிரித்துவிட்டு, "நாக்கைப் பல்லில முட்டு, தம்பி" என்று அங்கிருந்தே சொல்லிக்கொடுத்தார். அருண் மறுபடியும் வாளியை விட்டுத் தண்ணீரை மொண்டான்.

மூன்றாவது வாளிக்குச் சரியாக வந்தது.